சோற்றோடு சேர்ந்து வரும் டிரிப்டோபான்



அம்பாங் என்றதும் இன்று நம் கண்முன் நிற்பவை அடுக்குமாடி வீடுகளும், இலகு ரயிலும், நெரிசல் மிகுந்த சாலையுமே. ஆனால் 1857ஆம் ஆண்டில் அது வெறுங்காடு. கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களைப் படகேற்றி ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது உயிரோடு இருந்தவர்கள் 18 பேரே. மற்றவர்களைக் கொண்டு போனது மலேரியாக் காய்ச்சல். அவர்களுக்குப் பின்னும் ஆட்கள் வந்தார்கள், ஈய லம்பங்கள் பெருகின, கோலாலம்பூர் பட்டணமாயிற்று. அப்போது காய்ச்சலுக்குத் துணையாக இன்னொரு நோயும் வந்து சேர்ந்தது. கால் மரத்துப் போகும், வீங்கும், நடக்க முடியாமற்போகும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். அதற்குப் பெரிபெரி என்று பெயர். சிலாங்கூர் லம்பங்களில் வேலை செய்த சீனர்களை அது கூட்டங்கூட்டமாக வாரிச் சென்றது.

அதே காலத்தில், அதே வெயிலில், அதே மழையில் உழைத்த தமிழர்களைப் பெரிபெரி பெரும்பாலும் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. வேற்றுமை அரிசியில்தான் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் என்பவர் 1905, 1906ஆம் ஆண்டுகளில் இதைச் சோதித்தும் பார்த்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மற்றொரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். தீட்டிய அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவரும் அதனால் சாகவில்லை. நெல்லைத் தவிட்டோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் இதை அறிந்து நெல் அவித்தார்களா என்றால், இல்லை. பழக்கம் காப்பாற்றியது, அவ்வளவுதான்.

இன்றைய பேச்சு டிரிப்டோபான் பற்றியது என்று அறிவித்துவிட்டுப் பெரிபெரிக் கதை சொல்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. 1929ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டனர். ஒருவர், ஜாவாவில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி போட்டுப் பெரிபெரியின் மர்மத்தைத் தொடங்கி வைத்த எய்க்மன். மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாப்கின்ஸ். இந்த ஹாப்கின்ஸும் அவருடைய தோழர் கோலும்தான் 1901இல் பாலின் புரதத்திலிருந்து டிரிப்டோபானைத் தனியே பிரித்தெடுத்தவர்கள்.

புரதம் என்பது என்ன? பூச்சரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து, சாமந்தி என்று மாறி மாறித் தொடுத்த சரம். அந்தப் பூக்களைப் போன்றவை அமினோ அமிலங்கள். சுமார் இருபது வகை உண்டு. பருப்பு, மீன், முட்டை எதை உண்டாலும் வயிறும் குடலும் சரத்தை அறுத்துப் பூப்பூவாக உதிர்த்துவிடுகின்றன. உடல் அந்தப் பூக்களை எடுத்துத் தனக்கு வேண்டிய சரங்களைத் தொடுத்துக்கொள்கிறது: தசை, இரத்தம், தோல், குழந்தையின் வளரும் எலும்பு. இவற்றில் பதினொன்றை உடல் தானே செய்துகொள்ளும். ஒன்பதைச் செய்ய இயலாது. தட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஒன்பதில் ஒன்று டிரிப்டோபான். புரத உணவுகளில் மிகக் குறைந்த அளவில் இருப்பவற்றுள் இதுவும் ஒன்று. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 200 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு. வளரும் பிள்ளைகளுக்கு எடைக்கு எடை இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

ஹாப்கின்ஸ் 1906இல் சுண்டெலிகளுக்கு மக்காச்சோளத்தின் புரதத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார். வயிறு நிறைந்தது, ஆனால் எலிகள் விரைவில் இறந்தன. அதே உணவோடு சிறிது டிரிப்டோபான் சேர்த்ததும் கூடுதல் நாட்கள் வாழ்ந்தன. மக்காச்சோளத்தின் அந்தப் புரதத்தில் டிரிப்டோபான் இல்லவே இல்லை என்பதே காரணம். வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு என்பதை அந்த எலிகள் காட்டின.

மக்காச்சோளத்தையே முழு உணவாகக் கொண்ட மனிதர்களுக்கு என்ன ஆயிற்று? ஸ்பெயின் நாட்டில் 1735இல் காசால் என்ற மருத்துவர் ஏழைக் குடியானவர்களிடம் ஒரு விசித்திர நோயைக் கண்டார். வெயில் படும் இடங்களில், அதாவது புறங்கை, பாதம், கழுத்து ஆகிய இடங்களில், தோல் சிவந்து, கருத்து, பொருக்குத் தட்டியது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டாற்போல் ஒரு வளையம் விழுந்தது. மருத்துவ நூல்களில் இன்றும் அதற்குக் காசால் மாலை என்றே பெயர். தோலுக்கு அடுத்து வயிற்றுப்போக்கு. அதற்கடுத்து மனம் தடுமாறுதல், தூக்கமின்மை, பிதற்றல். கவனிக்காவிட்டால் மரணம். இத்தாலியர் இதற்குப் பெல்லாக்ரா என்று பெயரிட்டனர். கரடுமுரடான தோல் என்பது பொருள்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில், பருத்தித் தோட்டத் தொழிலாளர்களிடையே, இந்த நோய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டுத்தீபோல் பரவியது. தோட்டத்துக்காரர்கள் என்பதால் இந்தக் கதை நமக்கு அந்நியமன்று. சோளமாவு, வெல்லப்பாகு, பன்றிக் கொழுப்பு ஆகிய மூன்றுமே அவர்கள் உணவு. கிருமியால் வருகிறது என்று மருத்துவர் பலர் சாதித்தனர். 1914இல் அரசாங்கம் அனுப்பிய கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் அநாதை இல்லங்களையும் மனநோய் விடுதிகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு சிறிய விஷயத்தைக் கவனித்தார். உள்ளிருப்போருக்கு நோய் வருகிறது. அவர்களோடு பழகும் தாதிகளுக்கும் காவலருக்கும் வருவதில்லை. தொற்றுநோய் ஆள் பார்த்தா வரும்? சாப்பாடுதான் வேறு. இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பாலும், முட்டையும், இறைச்சியும், அவரை வகைகளும் கொடுக்கச் செய்தார், நோய் மறைந்தது. நம்பாதவர்களுக்காக, நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டு, அவர்களுடைய தோற்பொருக்கை மாவில் உருட்டி விழுங்கியும் காட்டினார். அவருக்கு நோய் வரவில்லை. அமினோ அமிலக் குறைவே காரணமாக இருக்கலாம் என்று 1922இலேயே எழுதினார். 1929இல் இறந்துபோனார், விடை முழுதாய்த் தெரிந்ததைப் பார்க்க அவர் இல்லை.

விடை இரண்டு துண்டாக வந்தது. 1937இல் எல்வெஜெம் என்பவர், நயாசின் என்னும் பி தொகுதி உயிர்ச்சத்து இந்த நோயைப் போன்ற நாய் நோயைக் குணமாக்குகிறது என்று கண்டார். மனிதரிடமும் அது பலித்தது. ஆனால் ஒரு புதிர் மீந்தது. பாலில் நயாசின் மிகக் குறைவு. இருந்தும் பால் இந்த நோயைத் தடுக்கிறதே, எப்படி? 1945இல் எல்வெஜெமின் கூட்டத்தார் அதையும் அவிழ்த்தனர். உடல் டிரிப்டோபானிலிருந்து நயாசினைத் தானே செய்துகொள்கிறது. ஏறக்குறைய 60 மில்லிகிராம் டிரிப்டோபானுக்கு 1 மில்லிகிராம் நயாசின் என்பது கணக்கு. கஞ்சத்தனமான மாற்று விகிதந்தான். ஆனாலும் உயிர் காக்கும் மாற்று. உண்ட உணவை எரித்துச் சக்தியாக்கும் வேலை ஒவ்வோர் உயிரணுவிலும் நடக்க நயாசின் வேண்டும். அது குறைந்தால் வேகமாகப் புதுப்பிக்கப்படும் உறுப்புகளான தோலும் குடலும் முதலில் அடிபடுகின்றன, மூளையும் தப்புவதில்லை.

இனி நம் பக்கத்துக் கதை. சேலத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கொளத்தூர் கோபாலன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். குன்னூரில் ஒரே ஓர் அறையில் மக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது. பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. கோபாலன் அதன் தலைவரானார். ஹைதராபாத் மருத்துவமனைகளுக்குக் கழுத்து மாலையும் கருத்த கைகளுமாகக் குடியானவர்கள் வந்துகொண்டிருந்தனர். ஐயமில்லை, பெல்லாக்ராதான். ஆனால் அவர்கள் மக்காச்சோளம் உண்பவர்கள் அல்லர். நம் ஊர்களில் வெறுமனே சோளம் என்று சொல்கிறோமே, அந்த வெள்ளைச் சோளத்தில் ரொட்டி தட்டி மூன்று வேளையும் உண்பவர்கள். அந்தச் சோளத்தில் டிரிப்டோபான் அரிசியை விட வெகுவாகக் குறைந்ததுமன்று. பிறகு ஏன் நோய்?

கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் ஒரு விடையை முன்வைத்தனர். சோளத்தில் லூசின் என்ற மற்றோர் அமினோ அமிலம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. அது டிரிப்டோபான் நயாசினாக மாறும் வழியை மறிக்கிறது என்றனர். ஒரே வாசலில் கூட்டமாக ஒருவர் முண்டினால் மெலிந்தவர் வெளியே நிற்பது போல. பிற நாடுகளில் சிலர் இதைச் சோதித்து, எங்களுக்கு அப்படித் தெரியவில்லை என்று மறுத்தனர். விவாதம் நெடுநாள் நடந்தது. லூசின் மட்டுமே குற்றவாளி என்று இன்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. பி6 உயிர்ச்சத்தின் குறைவும், ஒரே தானியத்தை நம்பிய வறுமையும் சேர்ந்துகொண்டன. என் மட்டில், கோபாலனின் பெருமை அந்த விடையில் இல்லை. மேல்நாட்டு நூலில் மக்காச்சோளம் என்று எழுதியிருந்தாலும், தம் முன்னே நிற்கும் நோயாளியிடம் ‘நீ என்ன சாப்பிடுகிறாய்?’ என்று கேட்டாரே, அதில்தான் இருக்கிறது. 1980களில் ஆந்திரத்தில் மலிவு விலையில் அரிசி கிடைக்கத் தொடங்கி, சோளம் ஒன்றையே நம்பிய நிலை மாறியபின் அந்த நோய் அங்கே அரிதாயிற்று. கோபாலன் நூறு வயது கண்டு 2019இல் மறைந்தார்.

சரி, நம் வீட்டுத் தட்டுக்கு வருவோம். நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் டிரிப்டோபான் இருக்கிறது. துவரம் பருப்பில் 200 அளவில். வேர்க்கடலையில் 250 அளவில். அதோடு நயாசினும் தாராளமாக உண்டு. சோயா அவரையில் 500க்கும் மேல்; ஆகவே தவுவும் தெம்பேயும் ஏழைக்கேற்ற புரதம். ஒரு முட்டையில் 80. ஒரு குவளைப் பாலில் 90. மீனும் நெத்திலிக் கருவாடும் சொல்லவே வேண்டாம். வேலை செய்கிற ஒருவர் நாளொன்றுக்கு முந்நூறு கிராம் அரிசிச் சோறு உண்டாலே தேவையான டிரிப்டோபான் கிடைத்துவிடும் என்று கணக்கு காட்டலாம். ஆனால் அரிசிப் புரதத்தில் லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் போதாது. அது போதாவிட்டால் மற்றவையும் முழுப் பயன் தராமல் வீணாகும். மல்லிகை இருந்தும் நார் இல்லாத கதை. பருப்பில் லைசின் நிறைய உண்டு. சோறும் பருப்புக் குழம்பும், இட்டிலியும் சாம்பாரும் ஒன்றோடொன்று சேர்ந்ததால்தான் நம் தாத்தாமார் வெட்டுக்கத்தியோடு மரத்துக்கு மரம் நடக்க முடிந்தது.

அந்தச் சேர்க்கை உடைந்த காலமும் உண்டு. ஜப்பான்காரன் காலம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1942 முதல் 1945 வரை பர்மா அரிசி வருவது நின்றுபோய், தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. கிழங்கில் மாவு உண்டு, புரதம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவே. டிரிப்டோபான் அதில் 20 மில்லிகிராம்கூடத் தேறாது. உடம்பு நீர்கோத்து வீங்கியதும், புண் ஆறாமல் அழுகியதும், பிள்ளைகள் வளராமல் நின்றதும் அந்தக் காலத்தின் அடையாளங்கள். கிழங்கின்மீது குறை சொல்லவில்லை. அதனோடு சேர ஒரு பிடி நெத்திலியோ கடலையோ இல்லாமற்போனதே குறை.

இன்னொன்று. பிள்ளைபெற்ற பெண்ணுக்கும் காய்ச்சலில் எழுந்தவருக்கும் எலும்புச் சூப்பு வைத்துக் கொடுக்கிறோம். நல்லதுதான், வாய்க்கு இதம், நீரும் உப்பும் சேரும். ஆனால் எலும்பிலிருந்து கரையும் ஜெலட்டின் என்னும் புரதத்தில் டிரிப்டோபான் அறவே கிடையாது. ஆகவே சூப்பை வடித்துக் கொடுத்துவிட்டுச் சதையைப் பிறர் உண்பது நோயாளிக்கு நியாயமன்று. சதையையும் சேர்த்துக் கொடுங்கள். அது செரிக்காதென்றால் ஒரு முட்டையைக் கலக்கி ஊற்றுங்கள்.

டிரிப்டோபானுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. உண்டதில் மிகச் சிறு பங்கு செரோட்டோனின் என்ற பொருளாகிறது. 1948இல் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடலில்தான் இருக்கிறது. குடலின் அசைவுக்கு அது உதவுகிறது. மூளையில் உள்ள சிறு பங்கு, மனநிலை, பசி, உறக்கம் ஆகியவற்றில் கை வைக்கிறது. இருட்டியதும் செரோட்டோனின் மெலட்டோனின் என்ற மற்றொரு பொருளாக மாறி, இது இரவு என்று உடலுக்கு அறிவிக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போனவர்களின் உடல் இதை நன்கு அறிந்திருந்தது.

இதைக் கேட்டவுடனே, அப்படியானால் டிரிப்டோபான் மிகுதியாக உண்டால் கவலை தீர்ந்து நன்றாகத் தூக்கம் வருமோ என்று தோன்றும். அவ்வளவு எளிதன்று. மூளைக்குள் நுழையும் வாயிலில் வேறு பல அமினோ அமிலங்களும் போட்டியிடுகின்றன. புரத உணவு மிகுந்தால் போட்டியும் மிகும். படுக்கும்முன் சூடான பால் அருந்தித் தூங்குகிறவர்களுக்குத் தூக்கம் வருவது பாலின் டிரிப்டோபானால் என்பதைவிட, நாள்தோறும் அந்த நேரத்தில் அமைதியாக உட்காரும் பழக்கத்தால் என்பதே என் எண்ணம். வாழைப்பழத்தில் செரோட்டோனினே இருக்கிறது என்பார்கள்; உண்மை, ஆனால் உண்ட செரோட்டோனின் மூளைக்குள் போவதில்லை.

மாத்திரையாக விற்கிறார்களே என்றால், 1989இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தூக்கத்திற்கென்று டிரிப்டோபான் மாத்திரை வாங்கி உண்டவர்கள் கடும் தசைவலியோடும், தோல் வீக்கத்தோடும் மருத்துவமனைகளுக்கு வந்தனர். 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். 30 பேருக்கு மேல் இறந்தனர். ஒரே தொழிற்சாலையின் சரக்கில் கலந்திருந்த அசுத்தத்தோடு அந்த நோய் தொடர்புபடுத்தப்பட்டது. மனச்சோர்வுக்கு மருந்து உண்பவர்கள் இத்தகைய மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் செரோட்டோனின் மிஞ்சி உடல் நடுங்கும், காய்ச்சல் காயும், ஆபத்தாகவும் முடியும். கைப்பேசி விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, நம் குடும்பங்களில் நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான். அரிசியும் பருப்பும் மலிவாகக் கிடைக்கிற இந்த நாட்டில் பெல்லாக்ரா வருமா? வரும், இரண்டு வழிகளில்.

முதல் வழி, கள்ளும் சம்சுவும். குடிக்கிறவர் சோற்றைத் தள்ளிவைத்துவிடுகிறார். உண்ட சிறிதளவையும் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. டிரிப்டோபானை நயாசினாக மாற்றத் தேவையான பி6, பி2 ஆகியவையும் சேர்ந்தே குறைந்துபோகின்றன. அவருடைய கழுத்திலும் புறங்கையிலும் தோல் கருத்து உரிவதைப் பார்த்தால், வெயிலில் வேலை செய்ததால் வந்தது என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். வயிற்றுப்போக்கைக் குடியின் மேல் போடுவார்கள். இரவில் தூங்காமல், யாரோ அழைப்பதாகப் பேசத் தொடங்கினால் பூசாரியைத் தேடுவார்கள். மூன்று தனித்தனி விஷயங்களாகத் தெரிவது ஒரே நோயாக இருக்கக்கூடும்.

இரண்டாவது வழி, காசநோய் மருந்து. ஐசோனியாசிட் என்ற மருந்து காசநோய்க்கு இன்றியமையாதது; அதை ஒருபோதும் தாமாக நிறுத்தக்கூடாது. ஆனால் அது உடலில் பி6 உயிர்ச்சத்தைக் குறைத்து, டிரிப்டோபான் நயாசினாகும் வேலையைத் தடுக்கும். அதனால்தான் கிளினிக்கில் அந்த மருந்தோடு பைரிடாக்சின் என்ற சிறு மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இது வெறும் சத்து மாத்திரைதானே என்று அதை ஒதுக்கிவிட்டுப் பெரிய மாத்திரைகளை மட்டும் விழுங்குகிறவர்கள் உண்டு. வீட்டில் யாராவது அப்படிச் செய்கிறார்களா என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா.

கழுத்து வளையமும், இரு புறங்கைகளிலும் ஒரே மாதிரி கருத்த தோலும், நிற்காத வயிற்றுப்போக்கும், தடுமாறும் பேச்சும் கொண்ட ஒருவர் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் அழைத்துப் போகும்போது அவர் குடிப்பதையும், உண்ணும் மருந்தையும், பல மாதங்களாக என்ன சாப்பிடுகிறார் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பெல்லாக்ரா என்று தெரிந்துவிட்டால் வைத்தியம் விலையுயர்ந்ததன்று. நிக்கோட்டினமைடு என்ற நயாசின் மாத்திரையும் நல்ல சாப்பாடும் போதும். தோல் ஆறச் சில வாரங்கள் ஆகும். பிதற்றல் சில நாட்களிலேயே தெளியத் தொடங்கும்; பேரையும் முகத்தையும் மறந்திருந்தவர், வீட்டாரை அடையாளம் கண்டு பேசுவார்.